வாசல்காரரின் வீட்டுக் கொப்பி

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற பக்கமாக ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதன் வாசலில் நானும் ஸெய்னுதீன் நானாவும் பதினொரு வருடங்களாகக் காவல் நிற்கிறோம். களஞ்சியத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அது அவரிடம் படித்த பழக்கம். ஒருமுறை அவருடைய சொந்த மச்சான் அந்த வழியால் வந்தவர் சும்மா ஒரு பேச்சுக்கு, "உள்ளுக்கு ஆரும் பெரியாக்கள் வந்திரிக்காங்களா?" என்று கேட்டார். நானா எழுதிக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இரிக்காங்க எண்டும் சொல்லமாட்டன், இல்ல எண்டும் சொல்லமாட்டன்" என்றார். மச்சான் ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. நானா அதைப் பெரிதாக எடுக்கவும் இல்லை.

நானாவுக்குக் கிண்ணியாவில் வீடு. வயது ஐம்பத்தாறு. மெலிந்த உடம்பு, சவரம் செய்த மேலுதடு, அளவாக வெட்டிய தாடி. காலை ஆறு மணிக்கு வந்தால் மாலை ஆறு மணிவரை கடமை. யாரையும் நம்பமாட்டார். நான் ஊற்றிக் கொடுக்கிற தேநீரையே ஒருதரம் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "என்ன நானா, நஞ்சா வெச்சிருக்கிறன்?" என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும்" என்பார். சிரிக்கவும் மாட்டார். இப்படி ஒரு மனிதனோடு பதினொரு வருடம் எப்படி இருந்தாய் என்று என் மனைவி கேட்பாள். வாசலில் நிற்க அவரைவிடத் திறமான ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது, அதனால்தான்.

எங்கள் வேலை இரண்டே இரண்டு. வருகிற ஆளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் இடாப்பு என்கிற அந்தப் பெரிய பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அடுத்தது, ஆளின் கைத்தொலைபேசியை வாங்கி, சிறு சிறு தட்டறைகள் உள்ள மரப்பெட்டியில் வைத்துவிட்டு, இலக்கம் அடித்த ஒரு தகட்டைக் கையில் கொடுக்க வேண்டும். போகும்போது தகட்டைத் தந்தால் போன் கிடைக்கும். அவ்வளவுதான். நான் ஆறு மணியானால் இதையெல்லாம் மறந்துவிட்டுச் சல்லிக் கடற்கரைக்குப் போய் முகம் கழுவுகிற ஆள். நானா மறக்கமாட்டார். அவர் வீட்டிலும் ஒரு கொப்பி வைத்திருந்தார்.

மகள் ஜுமானா எட்டாம் வகுப்பில் ரியூசனுக்குப் போகத் தொடங்கியபோது ஆரம்பித்த கொப்பி. "ஜுமானா வெளியே 3.10. உள்ளே 5.25. பரீனா வெளியே 10.00. உள்ளே 10.40." பரீனா அவருடைய மனைவி. தன்னையும் விட்டுவைக்கவில்லை: "நான் வெளியே 5.20. நான் உள்ளே 6.35." ஏன் நானா உங்களையும் எழுதுறீங்கள் என்று கேட்டதற்கு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி" என்றார். மாலையில் வீட்டுக்குப் போனதும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நிலைப்படியில் நின்று கேட்பாராம். இண்டைக்கு ஆர் வந்த, எங்க போன, ஏன் பத்து நிமிசம் பிந்தின. எல்லாம் கேட்டு, கொப்பியில் எழுதி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பார். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அவர் சந்தேகப்படாத ஒரேயொரு விசயம் இருந்தது. போன நோன்புக்குப் பிறகு ஜுமானா வீட்டுக்குள்ளேயும் முக்காட்டைக் கழற்றுவதில்லையாம். சாப்பிடும்போதும் படிக்கும்போதும் தலை மூடியே இருக்குமாம். "பதினாறு வயசுதான். ஆரும் சொல்லிக் குடுக்கல்ல. தானா வந்த பக்குவம்" என்று என்னிடம் மூன்று தரமாவது சொல்லியிருப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் கொஞ்சம் இளகும்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை களஞ்சியத்தில் மின்சார வேலை. எங்களை நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். நானா வீட்டுக்குப் போகும்போது நாலே முக்கால். ஜுமானாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் மெதுவாக யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓம்... இண்டைக்கு ஒன்பது. நேத்து பதினொண்டு." பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தான் வீட்டில் கேட்டுக் கனகாலம் என்று நானா சொன்னார். சொன்னவர் அதற்காகச் சந்தோசப்படவில்லை. அவருக்கு அதுதான் முதல் தடயம்.

குசினியில் நின்ற பரீனாவைக் கேட்டிருக்கிறார். "சூம் கிளாஸ்" என்றாளாம். என்ன பாடம்? விஞ்ஞானம். நானா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பொய் அனுமதிச் சீட்டோடு வருகிறவனை வாசலில் வைத்துப் பிடிப்பதற்கு முன் அவர் இப்படித்தான் அமைதியாக இருப்பார். அடுத்த நாள் கடையடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற றிஸ்வி சேரைக் கண்டு, வகுப்பு நேரம் என்ன என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தனக்கு வகுப்பே இல்லை என்று அந்த மனிதன் சொல்லிவிட்டார்.

பிறகென்ன. அடுத்த கிழமை புதன்கிழமை ஜுமானா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், நானா லீவு போட்டுவிட்டு அவளுடைய அறையைச் சோதித்தார். வாசலில் லொறியைச் சோதிக்கிற ஒழுங்கிலேயே சோதித்ததாகச் சொன்னார். தலையணை உறைக்குள் ஒரு சின்னக் கொப்பி அகப்பட்டது.

அந்தக் கொப்பியையும் தன்னுடைய வீட்டுக் கொப்பியையும் ஒரு பையில் போட்டு அடுத்த நாள் காவல் அறைக்குக் கொண்டுவந்தார். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மகளின் கொப்பியில் பெயரில்லை, ஊரில்லை. திகதி, நேரம், நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு எண். 6.40 – 7. 8.15 – 2. அடுத்த நாள் 6.38 – 9. இப்படியே ஆறு வாரம்.

"நேரம் விளங்குது. இந்த எண் என்ன?" என்றார் நானா.

"கதைச்ச நிமிசமா இருக்கும்" என்றேன் நான்.

என்னுடைய வாய் சும்மா இருக்காது. இரண்டு கொப்பியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்களுக்கு அது கைவந்த வேலை. உள்ளே போனவனின் நேரத்தையும் வெளியே வந்தவனின் நேரத்தையும் பார்த்து யார் எங்கே சுணங்கினான் என்று சொல்லிவிடுவோம். "நானா, இதைப் பாருங்கோ. நீங்கள் 6.35க்கு உள்ள போறீங்கள். இஞ்ச 6.40. அடுத்த நாள் நீங்கள் 6.33. இஞ்ச 6.38. போன மாசம் ஒரு ஞாயிறு நீங்கள் லீவில நிண்ட நாளில பின்னேரம் ஒண்டுமில்லை, பகல் முழுக்க இருக்கு. நீங்கள் வீட்டில கால் வெச்சு அஞ்சு நிமிசத்துக்குள்ள அவள் ஆருக்கோ அறிவிக்கிறாள். வாப்பா வந்திட்டார், இனி எடுக்காதே எண்டு."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொடியன்" என்றார். "பொடியன்தான்" என்றேன் நான். கள்ளனைப் பிடித்துவிட்ட சந்தோசம் எனக்கு. அவருக்கு அந்தச் சந்தோசம்கூட இல்லை.

அன்று மாலை மகளிடம் போனைக் கேட்டு வாங்கினார். வாங்கியவர் பழக்கதோசத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு இலக்கத் தகட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டார். பதினாலாம் இலக்கம். பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்காமல் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். யார் அவன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. பரீனாதான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். பொடியனும் இல்லை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட டீச்சர் தந்த இலக்கம். மனசு சரியில்லாத பிள்ளைகளோடு போனில் கதைத்து வழிகாட்டுகிற மிஸ் ஒருவர், மட்டக்களப்பில் இருக்கிறார், பெயர் லோஜனா. செவ்வாயும் வெள்ளியும் நாலரைக்கு எடுப்பார். தாய்க்காரி சம்மதித்துக் கையெழுத்து வைத்துத்தான் தொடங்கியது.

"என்ர புள்ளைக்கு மனசில என்ன குறை?"

"அத அவள்தான் சொல்லணும். உங்களுக்குச் சொல்லமாட்டன் எண்டு அவளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

இதைக் கேட்ட பிறகு நானாவின் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும். மருந்து இல்லை, ஊசி இல்லை, ஒரு கிளினிக் கதிரைகூட இல்லை. எங்கேயோ இருந்து முகம் தெரியாத ஒருத்தி குமர்ப்பிள்ளையின் காதுக்குள் கதைப்பது வைத்தியமா? அது பெண்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இந்தக் காலத்தில் குரலை மாற்றுகிற வித்தையெல்லாம் போனுக்குள்ளேயே இருக்கிறது. இதையெல்லாம் நானே அவருக்கு எடுத்துச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜுமானாவைக் கந்தளாயில் அவளுடைய பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று நானா முடிவெடுத்தார். பள்ளிக்கூடம் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையும் வேண்டாம். "நல்ல முடிவு" என்று சொன்னவனும் நான்தான்.

போனை வீட்டில் வைக்கவும் அவருக்குப் பயம். காவல் அறைக்குக் கொண்டுவந்து மரப்பெட்டியில் பதினாலாம் தட்டறையில் வைத்தார். வெள்ளிக்கிழமை நாலரைக்கு அது அடித்தது.

நானா எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம். லோஜனா கதைக்கிறன். இது நாங்கள் கதைக்கிற நேரம்தானே?" பெண் குரல். முப்பது வயது இருக்கலாம்.

"நான் ஜுமானாட வாப்பா."

"சொல்லுங்கோ ஐயா."

"நீங்க என்ர மகளோட என்ன கதைக்கிற?"

"அப்பிடி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும் எண்டும் சொல்லமாட்டன் ஐயா, தெரியாது எண்டும் சொல்லமாட்டன்."

நான் நானாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. சீட்டில்லாமல் வருகிறவர்கள் எங்களிடம் என்னென்ன வித்தை காட்டுவார்களோ, அத்தனையையும் நானா ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் அதிகாரம்: நான் பெத்த தகப்பன், எனக்கு உரிமை இரிக்கு. அவள், "தகப்பன் எண்டாலும் அதே பதில்தான்" என்றாள். அடுத்தது பெரிய இடம்: அரசாங்கக் கச்சேரியில எனக்கு ஆள் இரிக்கு, உங்கட வேல போயிடும். "முறைப்பாடு செய்யிறதெண்டா இலக்கம் தாறன், எழுதுங்கோ" என்றாள். அடுத்தது தேன் தடவிய பேச்சு: புள்ளதான் எடுக்கச் சொன்ன, ரெண்டு சொல்லு சொன்னாப் போதும். அதற்கும் அசையவில்லை. கடைசியில், "எனக்கு ஒரே புள்ள" என்றார். இது வித்தை இல்லை.

இதற்கு மட்டும் அவள் வேறு பதில் சொன்னாள். "ஐயா, உங்களுக்குப் பயமா இருக்குது எண்டு விளங்குது. உங்கட வீட்டில இருக்கிற பிள்ளை இப்ப பாதுகாப்பா இருக்கிறாவா?"

"ஓம்."

"அப்ப நான் எல்லாத் தாய் தகப்பன்மாருக்கும் சொல்ற ஒண்டை உங்களுக்கும் சொல்றன். என்ன கேக்கிறதெண்டாலும் பிள்ளையிட்டயே கேளுங்கோ. நிண்டுகொண்டு கேக்காதேங்கோ. இருந்து கேளுங்கோ. கேட்டிட்டுப் பதில் வருமட்டும் பொறுங்கோ."

நானா போனைத் தட்டறையில் வைத்தார். ஒரு லொறி வந்தது. இலக்கத்தை எழுத மறந்து உள்ளே விட்டுவிட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. நான் எழுதினேன்.

"என்ன நானா?" என்றேன்.

"இவ ஆள உள்ளுக்கு விடமாட்டா" என்றார். அது வசையா பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பொய்க்காரி எண்டா நான் கேட்ட நாலு கேள்விக்கு நாப்பது கதை சொல்லியிரிப்பா. எத்தின பேரப் பாத்திரிக்கம். பொய்யன்தான் தம்பி கனக்கக் கதைப்பான்."

ஆறு மணிக்குப் போனையும் இரண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அவருடைய வீட்டில் நடந்ததை அடுத்த நாள் காலையில் எனக்குச் சொன்னார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதை மணந்து பார்க்கவும் இல்லை.

வீட்டுக்குப் போனவர் நிலைப்படியில் நிற்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அது பரீனாவுக்கே பயமாக இருந்ததாம். ஜுமானாவைக் கூப்பிட்டு எதிரே இருக்கச் சொல்லி, சின்னக் கொப்பியை மேசையில் வைத்தார்.

"இதில இரிக்கிற நேரமெல்லாம் என்ன மகள்?"

பிள்ளை குனிந்தபடி இருந்தாள். அவர் பொறுத்தார். அப்படிப் பொறுத்திருந்தது தனக்கு நரகம் என்றார். அப்போது அவளுடைய வலது கை தன்பாட்டில் மெல்ல மேலே போய் முக்காட்டுக்குள் நுழைந்தது. குசினி வாசலில் நின்ற பரீனா, "ஜுமானா, கை" என்றாள். ஆயிரம் தரம் சொல்லிப் பழகிய மாதிரிச் சொன்னாளாம். கை கீழே வந்தது. பிள்ளை உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். வாப்பாவின் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, அந்தச் சின்னக் கொப்பியில் அன்றைய திகதிக்குக் கீழே எழுதினாள். 6.47 – 2.

உள்ளங்கையில் இரண்டு முடி இருந்தது.

"எத்தின எண்டு எழுதணும் வாப்பா. எழுதினாக் கை போறது விளங்கும், விளங்கினா நிப்பாட்டலாம் எண்டு மிஸ் சொன்ன. மொதல்ல ஒரு நாளைக்கு அம்பது, அறுபது. இப்ப ஒன்பது, பத்துத்தான்."

சொல்லிவிட்டு அவள் முக்காட்டை எடுத்தாள். வலது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெறுந்தோல். நடுவில் அங்கங்கே குட்டி முடி முளைத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் யாரும் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்த நாட்களும் இருந்ததாம். லொறிச் சாரதியின் சோற்றுப் பார்சலைக்கூடக் கிளறிப் பார்க்கிற மனிதனுக்குத் தன் பிள்ளையின் தலை ஒரு வருடமாகத் தெரியவில்லை. பக்குவம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தார்.

பிறகு தன்னுடைய கொப்பியை எடுத்து மகளுடைய கொப்பிக்குப் பக்கத்தில் தானே வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் காவல் அறையில் பார்த்த அதே பக்கங்கள். நான் உள்ளே 6.35. 6.40 – 7. நான் உள்ளே 6.33. 6.38 – 9. அவர் லீவில் வீட்டில் நின்ற அந்த ஞாயிறு, பகல் முழுக்கப் பதினேழு இடத்தில்.

"தம்பி, அண்டைக்கு நம்ம ரெண்டு பேரும் சரியாத்தான் பாத்த" என்றார் என்னிடம். "நேரமெல்லாம் சரி. ஆளத்தான் மாத்திப் பிடிச்சிட்டம்."

பொடியன் என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் தந்தது? அந்தப் பிள்ளையை நான் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். இரண்டு தரமும் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தவள். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கம்தான்.

கந்தளாய்ப் பயணம் நின்றது. போனை மகளிடம் நீட்டினாராம். அவள் உடனே வாங்கவில்லை. அறைக்குள் போய், தலையணை உறைக்குள்ளிருந்து பதினாலாம் இலக்கத் தகட்டை எடுத்துவந்து, அதை வாப்பாவின் கையில் வைத்துவிட்டுத்தான் போனைத் தொட்டாள். "தகட்டத் தந்திட்டுத்தான் தம்பி எடுத்த. என்ர வீட்டுக்குள்ள, என்ர புள்ள..." என்றவர், வாசலடிக்குப் போய்ச் சும்மா நின்றார். வீதியில் ஒரு வாகனமும் இல்லை.

இதெல்லாம் நடந்து நாலு மாதம். ஜுமானாவின் முடி முற்றாக வளர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். தவணைப் பரீட்சை வந்த கிழமை மறுபடியும் நாற்பதுக்குப் போனதாம். பிறகு இறங்கியது. நானாவும் மாறிப்போனார் என்று நினைக்க வேண்டாம். அந்த மிஸ் கதைக்கிறதை எங்கேயும் பதிவுசெய்து வைக்கிறாவோ, போனிலுள்ள கெமராவை மறைத்துவிட்டுக் கதைக்கலாமோ என்று கிழமைக்கு ஒருதரம் என்னைக் குடைவார். என்னுடைய தேநீரை இப்போதும் மணந்துதான் குடிக்கிறார்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவருடைய கடமையை மூன்று மணியிலிருந்து நான் பார்க்கிறேன். நாலரைக்கு மகளின் அறைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு இருப்பாராம், வீட்டுக்கு வருகிற சனத்தை மறிக்க. பக்கத்து வீட்டு உம்மு குல்சும் ஒருநாள் எட்டிப் பார்த்து, "புள்ள உள்ளுக்கு ஆரோட கதைக்கிற நானா?" என்று கேட்டிருக்கிறார். "ஆரோடயும் கதைக்கிற எண்டும் சொல்லமாட்டன், கதைக்கல்ல எண்டும் சொல்லமாட்டன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பரீனா அந்தக் கதிரையில் இருப்பாள்.

வீட்டுக் கொப்பி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. மாலையில் என்ன செய்கிறார் என்று மட்டும் ஒருநாள் அவரே சொன்னார். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையிலேயே நிறுத்திவிடுவாராம். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய், கேற்றுக்கு வெளியே நின்று, "மகள், வாப்பா வரட்டா?" என்று கேட்பாராம். அநேகமான நாட்களில் "வாங்க வாப்பா" என்று பதில் வரும். சில நாட்களில், "கொஞ்சம் நில்லுங்க வாப்பா" என்பாளாம். அப்போது அவர் சாப்பாட்டுப் பையோடு ஒழுங்கையில் நிற்பார். போகிற வருகிற சனம் பார்க்குமாம்.

"எவ்வளவு நேரம் நானா நிப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுதுறதில்ல தம்பி" என்றார்.